சாமி கேட்ட சர்க்கரை

அடி அண்ணாமலை,
4.5.1997

அண்ணா,

வேலை கிடைத்துவிட்டது. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ நேராகக் கடைசி வரிக்குப் போய்விடுவாய், நடுவில் இருப்பதைப் படிக்கவே மாட்டாய்.

திருவண்ணாமலைத் தேரடிக்குப் பக்கத்தில் பச்சையம்மாள் என்கிற அம்மா ஒரு லாட்ஜ் நடத்துகிறார். முப்பத்திரண்டு அறை. அதில் கவுண்டர் வேலை. வருகிறவர்களுக்கு ரிஜிஸ்டரில் பேர் எழுதி, சாவி கொடுத்து, காலி செய்கிறபோது வாங்கிவைக்க வேண்டும். பொங்கல் வரைக்கும் பார்ப்பார்களாம். பிடித்திருந்தால் நிரந்தரம்.

மேனேஜர் முருகையன் என்று ஒருத்தர். என் டிகிரி சர்ட்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒடம்புக்கு இன்னா, ஏதாவது கீதா?" என்று கேட்டார். நீ சொல்லிக்கொடுத்தபடி ஒன்றுமில்லை என்றேன். ஒன்பது வருஷமாகச் சர்க்கரைக்குக் காலையும் சாயங்காலமும் ஊசி போட்டுக்கொள்கிறவளுக்கு அதைச் சொல்ல நாக்கு கூசியது. ஆனால் உண்மையைச் சொன்ன இரண்டு இடத்திலும் என்ன நடந்தது? ஜவுளிக்கடையில் "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். பள்ளிக்கூடத்து ஆபீசில் அந்த அம்மா நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டு, தொத்திக்குமா என்று கேட்டது. தொத்திக்கொள்வதாக இருந்தால் முதலில் உனக்குத்தான் வந்திருக்கும், ஒரே தட்டில் தின்றவன் நீதானே.

எனக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். என் மருந்தை என் கையால் வாங்க வேண்டும். ஒரு மாசம் நீ பணம் அனுப்பப் பிந்தினால் மருந்துக் கடைக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது இனி கிடையாது. அம்மா சந்தோஷத்தில் மல்லாட்டைக் கடலை வறுத்து ஊரெல்லாம் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வைக்க மறந்துவிட்டாள்.

மணிமொழி

புனே,
19.5.1997

அன்புத் தங்கை மணிமொழிக்கு,

உன் கடிதத்தை முதலிலிருந்துதான் படித்தேன். மகிழ்ச்சி. சொன்ன பேச்சைக் கேட்டதற்கு இரட்டிப்பு மகிழ்ச்சி.

இனிமேலும் வாயைத் திறக்காதே. காரணம் சொல்கிறேன். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் கண்ணாயிரம் என்று போளூர் பக்கத்து ஆள் ஒருவன் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். சர்க்கரை இருப்பதாகக் கம்பெனி டாக்டரிடம் தானாகவே போய்ச் சொன்னான். அடுத்த வாரமே கிரேனிலிருந்து இறக்கி, இரும்புத் துருவல் கூட்டுகிற வேலைக்குப் போட்டுவிட்டார்கள். பதினெட்டு வருஷ சர்வீஸ். இப்போது யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

ஆகவே சாப்பிடுவதை மறைவாகச் சாப்பிடு. யாராவது பார்த்துவிட்டால் அல்சர் என்று சொல். அல்சருக்காக யாரையும் வேலையை விட்டு நிறுத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஊசியை வீட்டோடு வைத்துக்கொள். பொங்கல் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இரு.

உன் அண்ணன்,
வளவன்

அடி அண்ணாமலை,
17.12.1997

அண்ணா,

நான் உயிரோடு இருக்கிறேன். சாமியாகவும் ஆகிவிட்டேன். சிரிக்காமல் படி.

கார்த்திகை தீபத்தன்று எங்கள் லாட்ஜில் யாரும் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கக் கூடாது. மலைமேல் ஜோதி தெரிந்த பிறகுதான் அடுப்பே பற்றவைப்பார்கள். முதலாளியம்மா மாமியார் காலத்திலிருந்து அப்படி. நான் காலையில் ஊசி போட்டுக்கொண்டு, வீட்டில் மூன்று இட்லி தின்றுவிட்டு, பகலுக்கு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனேன். வழக்கமாக அதைப் படுக்கை விரிப்பு வைக்கிற அறையில் ஒளித்து வைப்பேன். பதினோரு மணிக்கு இரண்டு வாய், ஒரு மணிக்கு மீதி. ஏழு மாசமாக யாருக்கும் தெரியாது.

அன்றைக்குப் பார்த்து முருகையன் அந்த அறையையும் திண்டிவனத்துக் குடும்பம் ஒன்றுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். ஒன்பது பேர். உள்ளே போய் என் சோற்றைக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பேன்? விரதமில்லையா என்பார்கள். கவுண்டரை விட்டு நகரவும் முடியாத கூட்டம். பதினொன்று போயிற்று, ஒன்று போயிற்று. இரண்டரைக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. ரிஜிஸ்டரில் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்தது. இதற்கு மேல் எனக்கு நினைவில்லை. பாஞ்சாலையக்கா சொன்னதைத்தான் எழுதுகிறேன். அறைகளைப் பெருக்கித் துடைக்கிறவர் அவர்.

உடம்பெல்லாம் வேர்த்து, தலை அவிழ்ந்து, நான் ஆடியிருக்கிறேன். சாவிப் பலகையைப் பிடித்து உலுக்கினேனாம், முப்பத்திரண்டு சாவியும் கலகலவென்று ஆடியதாம். வரிசையில் நின்ற ஒரு பெண் ஆத்தா வந்துவிட்டாள் என்று கத்தியிருக்கிறாள். அவ்வளவுதான். வேப்பிலை வந்தது, சூடம் வந்தது. முதலாளியம்மாவே கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நின்று, யார் வந்திருப்பது, என்ன வேண்டும் என்று கேட்டாராம்.

நான் "சக்கரை, சக்கரை" என்றேனாம். எனக்குள்ளே எங்கேயோ புத்தி கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கிறது. அவர்களுக்கு என்ன விளங்கிற்றென்றால், சாமி சர்க்கரைப் பொங்கல் கேட்கிறது. தீபத்தன்று பற்றவைக்காத அடுப்பைப் பற்றவைத்துவிட்டார்கள் அண்ணா! அரிசி கழுவி, வெல்லம் தட்டி, நெய்க்கு ஆள் அனுப்பி, பொங்கல் வேகிற வரைக்கும் நான் தரையில் கிடக்கிறேன்.

பாஞ்சாலையக்காதான் பொறுக்க முடியாமல், "பொங்கல் வேவறதுக்குள்ள சாமி கோவிச்சிக்கினு பூடும். கேட்டத மொதல்ல குடுங்க" என்று சொல்லி, டீ போடுகிற சர்க்கரையை ஒரு பிடி அள்ளி என் வாயில் திணித்துத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தேன். சாமி மலையேறிவிட்டது என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நம் ஊரில் சாமி ஏறுவதற்கு மலைக்கா பஞ்சம்.

அதிலிருந்து எனக்குத் தனி நாற்காலி. உட்காரத் தலையணை. முருகையன் என்னை "ம்மா" போட்டுக் கூப்பிடுகிறார். முதலாளியம்மா இனி நீ எங்கேயும் போகக் கூடாது, நிரந்தரம் என்கிறார். ஏழு மாசம் ஓடி ஓடி உழைத்ததற்குக் கிடைக்காதது, பத்து நிமிஷம் மயங்கிக் கிடந்ததற்குக் கிடைத்திருக்கிறது. எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.

மணி

புனே,
26.12.1997

மணி,

படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு பயந்தேன். அந்தப் பாஞ்சாலையம்மாளுக்கு என் கும்பிடு.

இருந்தாலும் நல்ல காரியம்தான் நடந்திருக்கிறது. நீ யாரையும் ஏமாற்றவில்லை, அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். அப்படியே இருக்கட்டும். நிரந்தர ஆர்டர் கைக்கு வரட்டும். டிபன் பாக்ஸை வேறு இடத்தில் வை. இடுப்பில் ஒரு பொட்டலம் சர்க்கரை முடிந்துகொள். சாமிக்குப் படைத்தது என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை.

வளவன்

அடி அண்ணாமலை,
7.1.1998

அண்ணா,

அப்படியே இருக்க விடமாட்டேன் என்கிறார்கள்.

வருகிற பன்னிரண்டாம் தேதி பௌர்ணமி. அன்றைக்கு நான் காலையிலிருந்து விரதம் இருந்து, மஞ்சள் புடவை கட்டி, லாட்ஜ் கூடத்தில் உட்கார்ந்து வாக்குச் சொல்ல வேண்டுமாம். முதலாளியம்மா வேங்கிக்காலில் இன்னொரு லாட்ஜ் கட்டப் போகிறார். கலெக்டர் ஆபீசுக்கு எதிரில் ஒரு மனை, உள்ளே தள்ளி ஒரு மனை. எதை வாங்கலாம் என்று சாமி சொல்ல வேண்டும். சொன்னதும் ஆர்டரைத் தட்டில் வைத்துக் கொடுப்பார்களாம். மூன்று தெருப் பெண்கள் எலுமிச்சம்பழம் வாங்கிவைத்துக் காத்திருக்கிறார்கள்.

ஊசி போட்டுக்கொண்டு விரதம் இருந்தால் நிஜமாகவே மலையேறிவிடுவேன். ஊசி போடாமல் விரதம் இருந்தால் ஆசுபத்திரி. இரண்டு வழியிலும் இடுப்பில் முடிந்த பொட்டலம் எத்தனை நேரத்துக்குக் காப்பாற்றும்? அதைவிட, தெரியாத மனையைத் தெரிந்த மாதிரி கைகாட்டி ஒரு அம்மாவின் சொத்தை வாங்க வைக்க நான் யார்?

சொல்லிவிடப் போகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் சொல்லியிருப்பேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, தெரிவிக்கிறேன்.

மணி

அடி அண்ணாமலை,
14.1.1998

அண்ணா,

சொன்னேன். வேலை போயிற்று.

பத்தாம் தேதி காலையில் முதலாளியம்மா அறைக்கே போய், கதவைச் சாத்தி, கைப்பையிலிருந்து மருந்துப் புட்டியையும் ஊசியையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். பதினான்கு வயசிலிருந்து எனக்குச் சர்க்கரை, அன்றைக்கு வந்தது சாமி இல்லை, சாப்பிடாததால் வந்த மயக்கம் என்றேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. தீபத்தன்று அடுப்புப் பற்றவைக்க வைத்துவிட்டாயே என்றுதான் முதலில் கேட்டார். பிறகு, "சாமிய வெச்சி வெளையாடினியா?" என்றார்.

"நான் சாமின்னு ஒரு வார்த்த சொல்லலைங்க. சக்கரைன்னுதான் கேட்டேன். பொங்கல்னு எடுத்துக்கினது நீங்க. ஆனா வேலைக்குச் சேர்றப்ப ஒண்ணும் இல்லன்னு சொன்னேன் பாருங்க, அது பொய். அதுக்கு மன்னிச்சிக்கங்க."

போகச் சொல்லிவிட்டார். முருகையன் பழையபடி "ம்மா" இல்லாமல், சாவியை வைத்துவிட்டுப் போ என்றார். பாஞ்சாலையக்கா வாசல்வரை வந்து அழுதார். நான் பஸ்ஸில் அழுதேன். இன்றைக்குப் பொங்கல், அம்மா பானை வைத்திருக்கிறாள், எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். நேற்றுக் கிணற்றடியில் எல்லோரும் பார்க்கத் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். பகல் சோற்றை ஒளிக்காமல் தின்றது எட்டு மாசத்தில் முதல் தடவை.

மணி

புனே,
23.1.1998

மணிமொழிக்கு,

கடைசியில் உன் இஷ்டப்படியே செய்தாய். கையில் வந்த ஆர்டரைக் காலால் தள்ளினாய். அந்தப் பௌர்ணமிக்கு ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்திருக்கக் கூடாதா? ஊரில் எத்தனை பேருக்கு என்னென்ன வியாதி இருக்கிறது, எல்லோரும் புட்டியை எடுத்துக்கொண்டு முதலாளி மேசையில் வைக்கிறார்களா? உண்மை பேசுவது உன்னைப் போல வீட்டுச் சோறு தின்கிறவர்களுக்குச் சுலபம். வெளியூரில் பிழைக்கிறவனுக்குத் தெரியும் அதன் கஷ்டம்.

இனி வேலை விஷயமாக எனக்கு எழுதாதே. மருந்துக்கு வழக்கம்போல் அனுப்புகிறேன்.

வளவன்

அடி அண்ணாமலை,
14.2.1998

அண்ணா,

எழுதாதே என்று எழுதியிருந்தாய். எழுதுகிறேன். நீ வேண்டுமானால் படிக்காதே.

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் கோபத்தில் இருந்தேன். மூன்றாம் நாள் அரசு ஆசுபத்திரி டாக்டரம்மாவிடம் போனேன். நேரத்துக்குச் சாப்பிட்டால் எந்த வேலையும் பார்க்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு பதினொன்றாம் தேதி பௌர்ணமியன்று காலை ஆறு மணிக்கு லாட்ஜுக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் போனேன்.

முதலாளியம்மா வாசலில் கோலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா கடிதத்தைக் கொடுத்தேன். "இன்னிக்கி ஒரு நாள் கவுண்டர்ல நிக்கறேங்க. சம்பளம் வேணாம். சாப்பாட்டு நேரத்துக்கு எல்லார் எதிர்லயும் சாப்புடுவேன். சாயங்காலம் உங்க முடிவ சொல்லுங்க" என்றேன். அவர் படித்துவிட்டு மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளே போய்விட்டேன்.

எனக்குப் பிறகு வந்த பெண் இரண்டு வாரத்தில் நின்றுவிட்டாளாம். முருகையன் ஒற்றை ஆளாகத் திணறிக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்கு டிபன் பாக்ஸைக் கவுண்டர்மேலேயே திறந்தேன். கேழ்வரகு அடை. வரிசையில் நின்ற ஒரு அம்மா உற்றுப் பார்த்துவிட்டு, சாமி வந்த பொண்ணுதானே நீ என்று கேட்டது. இல்லைங்க, சர்க்கரை வந்த பொண்ணு என்றேன். அந்த அம்மாவுக்கு வருத்தம், கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. வாங்கி ஜூஸ் போட்டு முருகையனுக்குக் கொடுத்தேன்.

மத்தியானம்தான் வந்தது வினை. பெங்களூரிலிருந்து ஒரு பஸ், விழுப்புரத்திலிருந்து ஒரு பஸ். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பன்னிரண்டு அறையை முருகையன் கொடுத்திருக்கிறார். வாசலில் ஒரே சண்டை. வேறு லாட்ஜில் கேட்கலாமென்றால் பௌர்ணமிக்கு ஊரில் எங்கே அறை கிடைக்கும்? முருகையன் மாடிக்கு ஓடிவிட்டார். மணி ஒன்று. முதலில் உட்கார்ந்து என் சோற்றைத் தின்றேன். கூட்டம் கத்துகிறது, நான் தின்கிறேன். முதலாளியம்மா மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பத்து நிமிஷம் நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும்.

தின்று முடித்து, இரண்டு கூட்டத்துப் பெரியவர்களையும் கூப்பிட்டு எப்போது கிரிவலம் கிளம்புகிறீர்கள் என்று கேட்டேன். பெங்களூர்க்காரர்கள் வெயிலோடு வெயிலாக உடனே நடந்துவிட்டு வந்து தூங்குவதாகத் திட்டம். விழுப்புரத்துக்காரர்கள் இப்போது தூங்கிவிட்டு, ஏழு மணிக்கு மேல் நிலா வெளிச்சத்தில் நடந்து, அப்படியே பஸ் ஏறுவதாகத் திட்டம். நடக்கிற நேரத்தில் அறை எதற்கு? ஏழு மணிவரை விழுப்புரத்துக்காரர்கள், ஏழுக்கு மேல் பெங்களூர்க்காரர்கள், நடுவில் அரை மணியில் பாஞ்சாலையக்கா விரிப்பை மாற்றிவிடுவார். பெங்களூர் மூட்டைகளை நானே உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டேன். சண்டை போட்டவர்கள் ஒருத்தருக்கொருத்தர் விபூதி கொடுத்துக்கொண்டு போனார்கள்.

எட்டு மணிக்கு முதலாளியம்மா கவுண்டருக்கு வந்தார். சாவிப் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாமி ஒரு நாள்தான் வந்திச்சு. நீதான் எட்டு மாசமா தெனமும் வந்த. நாளைக்கும் வா" என்றார்.

நான் உடனே தலையாட்டவில்லை அண்ணா. ஆர்டரில் எழுதித் தரச் சொன்னேன். முருகையன் இது வேறயா என்று முணுமுணுத்தார். முதலாளியம்மா சிரித்துவிட்டு, சொல் எழுதுகிறேன் என்றார். நான் சொல்லச் சொல்ல அவர் கையாலேயே எழுதினார்: 'மணிமொழி சர்க்கரை நோய் உள்ளவர். பதினொன்று, ஒன்று, நான்கு ஆகிய நேரங்களில் எந்தக் கூட்டமாக இருந்தாலும் உட்கார்ந்து சாப்பிடுவார். தீபத்தன்றும்.'

கடைசி வார்த்தையை நான் சொல்லவில்லை. அவராகவே சேர்த்தார்.

இந்த மாசத்திலிருந்து மருந்துக்கு நீ அனுப்ப வேண்டாம்.

மணிமொழி,
வரவேற்பு (நிரந்தரம்)

புனே,
25.2.1998

அன்புள்ள மணி,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். உன்மேல் எரிந்து விழுந்ததற்கு மன்னித்துக்கொள். அந்தக் கோபத்துக்குக் காரணம் வேறு. அதை இன்றாவது எழுதிவிடுகிறேன்.

எனக்கும் சர்க்கரை இருக்கிறது. இரண்டு வருஷம் ஆகப் போகிறது. உன்னுடையது போல ஊசி இல்லை, மாத்திரை. வெளியே ஒரு டாக்டரிடம் பார்க்கிறேன். கண்ணாயிரத்துக்கு நடந்ததைப் பார்த்த பிறகு கம்பெனியில் வாயைத் திறக்கவில்லை. மாத்திரையைச் சுண்ணாம்பு டப்பியில் போட்டுவைத்துக் கக்கூசில் போய் விழுங்குகிறேன். ஷிப்ட் மாறுகிற நாளில் சாப்பாடு தப்பிப் போகும். டிசம்பரில் உன் சாமிக் கதை வந்த அதே வாரம் லேத்தில் நின்றபடியே எனக்கும் கை நடுங்கியது. சட்டைக் கை சுற்றுகிற இரும்பில் மாட்டப் பார்த்தது. பக்கத்து மிஷின்காரன் ஸ்விட்சை அணைத்தான். குடித்திருக்கிறேன் என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் விட்டான். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உன்னைச் சாமி என்றார்கள், என்னைக் குடிகாரன் என்று நினைத்தார்கள்.

சொல்லாதே சொல்லாதே என்று உனக்கு எழுதியதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான். நீ புட்டியை மேசையில் வைத்தாய் என்றதும் பயந்துவிட்டேன். பயந்தது உனக்காக என்று நினைத்தேன். எனக்காக.

உன் ஆர்டர் முழுவதையும் அப்படியே எனக்கு நகல் எழுதி அனுப்பு. ஒரு எழுத்தும் விடாதே.

வளவன்

அடி அண்ணாமலை,
4.3.1998

அண்ணா,

அட பாவி. இரண்டு வருஷமா?

நான் திட்டமாட்டேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அவள் திட்டுவாள், தனிக் கடிதம் வரும். மூன்று பக்கம் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன், கை வலிக்கிறது. எல்லாம் நியாயம்.

ஆர்டரின் நகல் இத்துடன். லாட்ஜ் என்று வருகிற இடத்தில் ஒர்க்‌ஷாப் என்று போட்டுக்கொள். முதலில் உன் டாக்டரிடம் எழுதி வாங்கு. பிறகு நீயாகப் போய்ச் சொல். அவர்கள் கண்டுபிடித்துச் சொன்னால் குற்றவாளி மாதிரி நிற்க வேண்டும், நீ சொன்னால் நிமிர்ந்து நிற்கலாம். வேலையை விட்டு நிறுத்தினால் நிறுத்தட்டும், ஒரு மாசம் அழுதுவிட்டு மறுபடி போய் நில். நான் அப்படித்தான் செய்தேன். லேத்தில் கையை விட்டுவிட்டு நீ வந்தால் அந்தக் கைக்கு எங்கே போய்ச் சொல்லி அழுவது?

எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் சொல்.

மணி

புனே,
21.3.1998

மணி,

சொன்னேன்.

திங்கட்கிழமை ஷிப்ட் தொடங்குவதற்கு முன் போர்மேன் அறைக்குப் போனேன். டாக்டர் கடிதத்தையும், நீ அனுப்பியதை இந்தியில் எழுதி வாங்கியதையும் மேசையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு, அன்றைக்குக் கை நடுங்கியது இதனால்தானா என்று கேட்டார். அன்றைக்கு அவரும் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். குடிகாரன் என்று என் பேரை மேலே அனுப்ப ஏற்பாடாகியிருந்ததாம். இன்னும் ஒரு வாரம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை போயிருக்கும், அதுவும் கெட்ட பேரோடு.

மூன்று நாள் மிஷினைத் தொடவிடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். என் ஆயுசில் அத்தனை நீளமான மூன்று நாள் கிடையாது. எழுந்து ஓடிவிடலாம் என்று இருந்தது. கம்பெனி டாக்டர் பார்த்தார், கேள்வி கேட்டார், ரத்தம் எடுத்தார். வியாழக்கிழமை என் லேத்தை எனக்கே கொடுத்துவிட்டார்கள். இனிப் பகல் ஷிப்ட் மட்டும். எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள், போர்மேன் கையெழுத்தோடு.

அன்றைக்குப் பன்னிரண்டரை மணிக்குக் கேன்டீனில் நடு மேசையில் உட்கார்ந்து, எல்லோர் எதிரிலும் மாத்திரையை எடுத்து விழுங்கினேன். பக்கத்து மிஷின்காரன் இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டான். என் தங்கை, திருவண்ணாமலையில் வேலை பார்க்கிறாள் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

மணி, இரண்டு வருஷத்துக்கு அப்புறம் நேரத்துக்குச் சாப்பிட்டேன்.

உன் அண்ணன்,
வளவன்